நைனா பொட்டு வைத்த போன்

என் கல்யாணத்தைக் கெடுத்தது ஒரு செல்போன் கம்பெனி என்று நான் சொன்னால் எதிர்க்கடை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும். அந்த அம்மாவின் பெண்கள் எல்லாரும் ஜாம் ஜாமென்று கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சிரிப்பதற்கு வசதி இருக்கிறது.

திருத்தணியில் மலைக்குப் படியேறிப் போகிறவர்கள் எங்கள் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தேங்காய், பூ, கற்பூரம், வெற்றிலை பாக்கு விற்கிறோம். தேங்காய் வாங்கியவர்களின் செருப்பையும் பையையும் சும்மா பார்த்துக்கொள்வோம். சீட்டு, டோக்கன் எதுவும் கிடையாது. முகத்தைப் பார்த்து வாங்கி வைப்போம், முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஏறிப் போன சிலர் கால் வலி தாங்காமல் மலைப்பாதையில் ஆட்டோ பிடித்து இறங்கி அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் செருப்பு இங்கேயே கிடக்கும். நைனா என்று நான் கூப்பிடுகிற என் அப்பா அதை எடுத்து ஓரமாக வைப்பார். அவருக்கு ஒரே சட்டம்: கொடுத்தவர் நம்மிடம் கொடுத்தார், நம்மிடம்தான் கேட்டு வருவார், வேறு யார் கையிலும் அதை ஒப்படைக்கக் கூடாது.

அப்படித்தான் ஒரு கிருத்திகை அன்று எங்களிடம் ஒரு துணிப்பை தங்கிவிட்டது. கூட்டமோ கூட்டம். யார் கொடுத்தார்கள் என்று எனக்கும் நினைவில்லை, நைனாவுக்கும் நினைவில்லை. கடை கட்டும்போது பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. உள்ளே ஒரு சீப்பு, ஒரு துண்டு, பெரிய கண்ணாடி வைத்த ஒரு போன். போன் சத்தம் வராமல் அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் மரியாதையாகச் செய்திருப்பார்கள். தொட்டால் வெளிச்சம் வரும், ஆனால் திறக்காது. மேலே ஏழுமலையான் படம், நாமம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த நாள் காலையில் தொட்டபோது படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் தெலுங்கில் நாலைந்து வரி இருந்தது. முந்தின நாளே இருந்ததோ, நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குத் தெலுங்கு வரும். கடையில் பாதி வியாபாரம் தெலுங்கில்தான் நடக்கும். சண்டை போடுவோம், பேரம் பேசுவோம், நைனா தூக்கத்தில் உளறுவதுகூடச் சில நாள் தெலுங்கில்தான். ஆனால் படிக்க வராது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். நைனா எதிலும் படிக்கவில்லை. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், காதுக்கு இரண்டு பாஷை, கண்ணுக்கு ஒன்று. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். கேட்பதற்கென்ன. காலண்டரில், லாரி முகப்பில், ஊதுவத்தி டப்பாவில் சாமி படத்தோடு நாலு வரி தெலுங்கு இருந்தால் அது ஸ்லோகம். அதை நிறுத்தி வைத்து என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை.

நைனா அந்த போனை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தினமும் சார்ஜ் போட வைத்தார். போனுக்கு உரியவர் கூப்பிடும்போது அது செத்துக் கிடக்கக் கூடாது என்பது அவர் கவலை. அந்த போனுக்குள் இருந்த சிம்மை அதற்குள் நிறுத்திவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. காலையில் விளக்கேற்றிவிட்டு ஒரு விரலால் அதைத் தொட்டு, பெருமாள் முகம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடியின் மேல் ஓரத்தில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். நான் சிரித்தேன். 'இன்னா சிரிப்பு, சாமிதான' என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. வயது முப்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா இல்லாத வீடு, கடையில் உட்காருகிற பெண் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். இந்த வரன் எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிற நகரியிலிருந்து வந்தது. தூரத்து உறவு. மாப்பிள்ளை அங்கே ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். அவருடைய அப்பா தறி வைத்திருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்பே தனியாக ஒருநாள் கடைக்கு வந்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி நின்று, நான் ஒரு ஆளைத் திட்டுவதை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் யார் என்று சொன்னார். கல்யாணத்துக்கு அப்புறம் கடையை விட வேண்டாம், வாரத்தில் பாதி நாள் வந்து நைனாவுக்கு ஒத்தாசை செய் என்று அவராகவே சொன்னார். அதுவரை வந்த ஒருத்தன்கூட அப்படிச் சொன்னதில்லை. தினமும் போனில் பேசினோம். நான் இனிமேல் தனியாக இருக்க மாட்டேன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். நைனாவும் நம்பினார். இரவில் அவர் இருமுவதுகூடக் குறைந்திருந்தது.

தாம்பூலம் மாற்றுவதற்கு நாள் குறித்து அவர்கள் குடும்பமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். வரும் வழியில் பஸ் பலகையிலிருந்து எங்கள் வீட்டில் கொடுத்த தண்ணீர் பாட்டில் வரைக்கும் அன்று படித்தாயிற்று. அவருடைய பெண்டாட்டிக்கு அது பழகிப்போன சத்தம். எனக்குக்கூட அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த மாமனாரோடு காலம் தள்ளலாம் என்று தோன்றியது.

தட்டு எடுப்பதற்கு முன் எல்லாரும் சாமி அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். நைனா கற்பூரம் காட்டிவிட்டு, பெருமையாக அந்த போனை ஒரு விரலால் தொட்டார். வெளிச்சம் வந்தது. பெருமாள் வந்தார். ஆந்திராவிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் ஊர் சாமியைக் காட்டுகிற சந்தோஷம் அவருக்கு.

மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். கூப்பிய கையோடு ராகமாகப் படிக்கத் தொடங்கினார். ஏழுமலையான் சாட்சியாகச் சொல்கிறேன் என்று முதல் வரி. விசேஷத்துக்கு வந்திருந்த என் அத்தை பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டாள். இந்த போனைத் திருடினவன் கை அழுகிப் போகும் என்று இரண்டாவது வரி. அதையும் அவர் அதே ராகத்தில்தான் படித்தார். வாய் முன்னால் போய்விட்டது, புத்தி பின்னால் வந்தது. அவன் வீட்டில் குழந்தை பிறக்காது, அவன் வம்சம் இதோடு அற்றுப் போகும் என்று கடைசி வரியைப் படித்தபோது ராகம் நின்றுபோய் வெறும் குரல் மட்டும் இருந்தது.

எல்லாருக்கும் புரிந்தது. அதுதான் எங்கள் ஊரின் விசேஷம். படிக்கத் தெரியாத நாங்கள் இத்தனை பேரும் கேட்டவுடன் ஒரு எழுத்து விடாமல் புரிந்துகொண்டோம்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தாம்பூலத் தட்டைத் தரையில் வைத்தார். அந்தத் தட்டு அப்புறம் யார் கைக்கும் வரவில்லை.

நைனா நடந்ததைச் சொல்லப் பார்த்தார். கிருத்திகைக் கூட்டம், துணிப்பை, பெஞ்சு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். பயத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து குழறியது. குழறுகிறவனைப் பார்த்தால் திருடன் மாதிரிதான் இருக்கும்.

'யாரோ வுட்டுட்டுப் போய்ட்டாங்க சம்மந்தி, வந்தா குடுக்கலாம்னுதான் வச்சிகினு இருக்கறோம்' என்றார்.

'சம்மந்தின்னு இப்ப கூப்பிட வேணாங்க' என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, இது எப்படி இந்த போனில் வந்தது, நீதானே இந்த வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வீடே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தது. இவருக்குத் தெரியும், இவர் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அலமாரியருகே போய், குங்குமம் படாமல் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: போனைத் தொலைத்தவர்கள் வேறொரு போனிலிருந்து எழுதி அனுப்புவார்கள், கம்பெனி அதை இதில் கொண்டுவந்து காட்டும், போன் காணாமல் போனால் இப்படிச் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். சொன்னதெல்லாம் உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் பாயசத்தைத் தொடாமல் கிளம்பினார்கள். நைனா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனார். அவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். ஏறிய பிறகும் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றதைத் தெருவே பார்த்தது.

செய்தி அடிவாரத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தேங்காய் வாங்க வருகிறவர்களிடம் பக்கத்துக் கடைக்காரர், 'போனைப் பத்திரமா மடியில கட்டிக்கோங்க, இங்க சிலர் வூட்டுல சாமியே எடுத்துக்கும்' என்று சொல்லிச் சிரித்தார். பல வருஷமாக எங்கள் கடையில் செருப்பு விட்ட குடும்பங்கள்கூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போயின. நைனா தேங்காய் நாரை உரித்துக்கொண்டே தலையைக் குனிந்திருப்பார். நான் மாப்பிள்ளைக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

அப்போதுதான் கம்பெனிக்குப் பேசினேன். போனின் முதுகில் இருந்த பெயரை வைத்து என் போனில் தேடி நம்பர் எடுத்தேன். பாட்டுப் பாடி, காத்திருக்கச் சொல்லி, கடைசியில் தேன் ஒழுகுகிற குரலில் ஒரு பெண் வந்தாள். என்னிடம் ஒரு போன் இருக்கிறது, உரியவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் யார் என்று சொல்லுங்கள் என்றேன். அது தனிப்பட்ட விவரம், தர முடியாது என்றாள். நியாயம்தான். சரி, எனக்குத் தர வேண்டாம், என் நம்பரை அவருக்குத் தந்துவிடுங்கள் என்றேன். 'அதுக்கு ஆப்ஷன் இல்லைங்க மேடம்' என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள்தானே.

ஆனால் கம்பெனியை நான் விடுவதாக இல்லை. இன்றைக்கும் யாராவது புது போன் வாங்கிக் காட்டினால் இதைத்தான் பேசுவேன். எங்கோ உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத என் வீட்டுச் சாமி அலமாரியில் சாபத்தை எழுத வைக்க முடிகிறது உங்களால். எழுதினதை வாய்விட்டுச் சொல்ல ஒரு பொத்தான் வைக்க முடியவில்லையா? எழுதப் படிக்கத் தெரியாதவன் கைக்கு போன் போகவே போகாது என்று நினைத்துக்கொண்டா செய்கிறீர்கள்? திட்டி எழுத இடம் வைத்த நீங்கள், திரும்பக் கூப்பிட ஒரு நம்பர் போடாமல் அனுப்பவே முடியாது என்று ஏன் வைக்கவில்லை? கண்டெடுத்தவன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழி ஏன் இல்லை? தொலைத்தவன் பேசலாம், வைத்திருப்பவன் பேசக் கூடாது என்றால் என்ன நியாயம் அது? உங்கள் கணக்கில், போனைக் கையில் வைத்திருக்கிறவன் எல்லாம் திருடன். பத்திரமாக வைத்திருந்து கொடுக்கிறவன் என்று ஒரு ஜாதி உலகத்தில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அவனுக்காக நீங்கள் ஒரு பொத்தானும் செய்யவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு அவர்கள் வந்தார்கள். புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அந்த அம்மாதான் எங்கள் கடை முன்னால் தயங்கி நின்று, போன தடவை இங்கேதான் பையை வைத்தோமோ என்று புருஷனிடம் கேட்டாள். நைனா உடனே வீட்டுக்குப் போய் பையைக் கொண்டுவந்து வைத்தார். சீப்பும் துண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. போனில் பொட்டு இருந்தது.

அந்த ஆள் அசந்துபோனார். போன தடவை மலையேறுவதற்கு முன்னால் மொட்டை போடப் போகும்போது போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்திருக்கிறார். அவள் அதைப் பைக்குள் போட்டதும் தெரியாது, பையை இங்கே வைத்ததை அவளே மறந்ததும் தெரியாது. கூட்டத்தில் எவனோ அடித்துவிட்டான் என்று முடிவு கட்டி, ஆட்டோவில் இறங்கினவுடன் மச்சான் போனிலிருந்து எழுதிவிட்டு, ஊருக்குப் போன கையோடு சிம்மையும் நிறுத்திவிட்டார். ஏன் நம்பர் போடவில்லை என்று கேட்டேன். என் நம்பர்தான் போய்விட்டதே, திருடனுக்கு மச்சான் நம்பரையா கொடுப்பேன் என்றார் தெலுங்கில். கோபத்தில் எழுதினேன், மனசில் ஒன்றும் இல்லை என்றார். சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார். அந்த வரிகள் போய்விட்டன. எங்கள் வீட்டை அப்படிப் புரட்டிப் போட்ட எழுத்து, கண்ணாடியில் விழுந்த ஈயைத் தட்டிவிட்ட மாதிரி போய்விட்டது.

நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் பெண்டாட்டி அழுதே விட்டாள். நகரிக்குப் பேசுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார், தரிசனத்துக்கு நேரமாகிறது என்றார். பெண்டாட்டி முறைத்ததும் தன்னிடமிருந்த வேறு போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அந்தப் பக்கம் மரியாதையாகத்தான் பதில் வந்தது. நல்லவர்கள் என்று தெரிந்தது சந்தோஷம், ஆனால் அந்த வார்த்தை தாம்பூல நேரத்தில் வந்துவிட்டது, என் வாயாலேயே வந்துவிட்டது, வீட்டில் பெண்கள் பயப்படுகிறார்கள் என்றார். பிறகு, மகன் பக்கத்தில்தான் இருக்கிறான், கொடுக்கிறேன் என்றார். நான் போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன்.

'இப்பவாவது தெரிஞ்சிச்சா' என்று கேட்டேன்.

'எனுக்கு அன்னிக்கே தெரியுங்க' என்றார். 'திருடுனவன் மொதல்ல சிம்மக் கழட்டி எறிஞ்சிட்டு ஆஃப் பண்ணுவான். இல்லன்னா எங்கள மாதிரி கடையில கொண்டாந்து தள்ளுவான். ஒருத்தனும் தெனம் சார்ஜ் போட்டு சாமிகிட்ட வச்சிகினு இருக்க மாட்டான். பாத்தவுடனே தெரிஞ்சிச்சு.'

அவர் குரலில் கூச்சம்கூட இல்லை. தொழில் விஷயம் பேசுகிற நிதானம் இருந்தது.

'அப்பறம் ஏன் வாயத் தெறக்கல?'

அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. 'எங்க நைனா படிச்சிட்டாரு இல்லீங்களா' என்றார். 'அத்தினி பேர் முன்னால அவர எப்படி மாத்திப் பேசறது. சங்கடமா இருந்துச்சுங்க.'

சங்கடம். என் நைனா தெருமுனையில் கைகூப்பி நின்றது இவருக்குச் சங்கடமாக இல்லை. நாங்கள் தலைகுனிந்து தேங்காய் விற்றது சங்கடமாக இல்லை. இத்தனை நாளும் கம்பெனியைத் திட்டித் திட்டி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கம்பெனிக்கு எங்கள் முகம் தெரியாது. இவருக்கு என் முகம் தெரியும், என் குரல் தெரியும், நான் எதை ஆசைப்பட்டேன் என்பது தெரியும். ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது, அதை வாயில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

நான் போனை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். அவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் படியேறினார்.

மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று நைனா கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியாதாம், இப்போதுதான் தெரிந்ததாம் என்று பொய் சொன்னேன். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

'அப்ப நானு நாளைக்கு நகரி போய் ஒரு தபா பேசிட்டு வரட்டாம்மா?'

அந்த முகத்தோடு அவரை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு அன்றைக்கே தெரியும் நைனா, தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். நைனா மறுபடியும் உட்கார்ந்தார். அந்தப் பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு தேங்காயை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினார்.

'உனுக்கு அந்தப் புள்ளைய ரொம்பப் புடிச்சிருந்துச்சு இல்ல?' என்று கேட்டார்.

'ஆங்' என்றேன். இன்னமும் பிடித்திருந்தது, அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.